சூடம் அணைத்த கை

ரெங்கசாமியின் வலது கை ஆட்காட்டி விரலிலிருந்து நெருப்பு வந்தது.

பெரிய நெருப்பில்லை. எள் அளவுதான். நீல நிறம். பீரோவின் கைப்பிடிக்கும் விரலுக்கும் நடுவே ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறைந்துவிட்டது. ஆனால் விரல் நுனியில் ஊசி ஏற்றியது போல் வலித்தது. ரெங்கசாமி கையை உதறிக்கொண்டு பின்வாங்கி, கட்டில் காலில் முட்டியை இடித்துக்கொண்டு, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. கத்த முடியாத நிலைமை. அவர் பீரோவைத் திறக்கப் போனதே திருட்டுத்தனமாகத்தான்.

நல்ல மத்தியான வேளை. பங்குனி வெயிலுக்கு ஜன்னலில் திரையை இழுத்துவிட்டு, ஏசி போட்டு, அறை அரை இருட்டாக இருந்தது. வெளியே கூடத்தில் அவர் மனைவி பிரகதாம்பாள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதாவது, தூங்குகிறாள் என்று ரெங்கசாமி நம்பிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்துவரும் தப்பு அதுதான்.

இதே காரியம் வேறு யாருக்காவது நடந்திருந்தால், கரண்ட் கசிகிறது என்று நினைத்து மெயினை அணைத்திருப்பார்கள். ரெங்கசாமிக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதே கை. சூடம் அணைத்த கை. 

விஷயம் என்னவென்றால், மீசை அரும்பிய நாளிலிருந்து ரெங்கசாமிக்கு வெற்றிலை, சீவல், பன்னீர்ப் புகையிலை மூன்றும் வேண்டும். வெற்றிலை சீவலில் பிரகதாம்பாளுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவன் வாய் சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும். சண்டையெல்லாம் புகையிலையோடுதான். போன ஐப்பசியில் அவருடைய கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படை வந்தது. ரசம் பட்டால்கூட எரிந்தது. தஞ்சாவூருக்குப் போய்க் காட்டினார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.  துளி சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் அந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. ரெங்கசாமி சம்பாப் பயிருக்குத் தண்ணீர் பார்க்கிற சாக்கில் வரப்பில் உட்கார்ந்து பயந்தார். பிரகதாம்பாள் அடுப்படியில் நின்றுகொண்டே பயந்தாள்.

நல்ல காலம், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. ஆனால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “இனிமே பொகையிலைய வாயில வச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க. வேற டாக்டர்கிட்ட போற மாதிரி ஆயிடும்.” எந்த டாக்டர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் வீடு வரை கூடவே வந்தது.

பஸ்ஸில் பிரகதாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்டக்டரே டிக்கெட் கேட்கத் தயங்கினார். ஊர் வந்து இறங்கியதும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே வாய்க்கால் கரை அய்யனார் கோயிலுக்கு நடந்தாள்.

“சத்தியம் பண்ணுங்க.”

“பண்ணிட்டாப் போச்சு. இனிமே நான்...”

“வாயால வேணாம். உங்க வாயத்தான் டாக்டரே பார்த்தாச்சு. கையால பண்ணுங்க.”

கருங்கல் படியில் சூடத்தை வைத்து ஏற்றினாள். கொழுந்துவிட்டு எரிகிற சூடத்தை ரெங்கசாமி வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தார். புகையிலையைத் தொட்டால் அய்யனார் கேட்கட்டும் என்றார். அந்தப் பக்கத்தில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பு அதுதான். சூடம் அணைத்துப் பொய் சொன்னவன் கை என்ன ஆகும் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஒரு கதைகூட நல்லபடியாக முடியாது.

தை அறுவடை வரைக்கும் வாக்கு நின்றது. கைக்கு வேலை குறைந்ததும் வாய் வேலை கேட்க ஆரம்பித்தது. பீரோவின் அடித்தட்டில் பட்டா, சிட்டா வைத்திருக்கிற பைக்குக் கீழே ஒரு பொட்டலம் குடியேறியது. அந்தப் பையை பிரகதாம்பாள் தொடவே மாட்டாள். மத்தியானம் அவள் தூங்குகிற நேரத்தில் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். ஒரு சிட்டிகையை அய்யனார் கண்டுகொள்ள மாட்டார் என்று ரெங்கசாமி நினைத்திருந்தார். இப்போது விரலில் நெருப்பு வந்துவிட்டது.

அந்த அறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் மகன் பிரபு தோஹாவில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தபோது கட்டிலிலிருந்து பீரோ வரைக்கும் நீள்கிற மாதிரி மொசுமொசுவென்று ஒரு நைலான் கம்பளம் வாங்கி வந்து விரித்துவிட்டுப் போனான். பிள்ளை வாங்கிக் கொடுத்ததை மிதிப்பதா என்று பிரகதாம்பாள் சுவரோரமாகவே நடப்பாள். ரெங்கசாமிக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளேயும் தடித்த ரப்பர் செருப்புதான். அது நடந்தால் ‘படக், படக்’ என்று தெரு முழுக்கக் கேட்கும். அதனால் புகையிலைக்குப் போகும்போது மட்டும் அவர் காலைத் தூக்காமல், கம்பளத்தின் மேல் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துப் போவார். மற்ற நேரத்தில் எஜமானர் போலத் தாராளமாகத் தூக்கி வைத்து நடப்பார்.

ஆகவே, பட்டாவுக்காகப் பீரோவைத் திறந்தால் ஒன்றும் ஆகவில்லை. பொட்டலத்துக்காகத் திறந்தால் நெருப்பு வந்தது. ரெங்கசாமி மறுநாளும் சோதித்துப் பார்த்தார். அதற்கடுத்த நாளும் பார்த்தார். நல்லவனாகத் தொட்டால் பீரோ சும்மா இருந்தது. கள்ளனாகத் தொட்டால் ‘டிக்’. தெய்வம் இதைவிடத் தெளிவாகப் பேசுமா? அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் புகையிலை இறங்கியது. அதுதான் அவருடைய கஷ்டம்.

கடைசியில் பாதி உண்மையை மனைவியிடம் சொன்னார்.

“பீரோ ஷாக் அடிக்குது.”

“எப்போ?”

“மத்தியானத்துல.”

“மத்தியானத்துல பீரோவுல உங்களுக்கு என்ன வேலை?”

“பட்டாவப் பார்க்கலாம்னு...”

“பட்டா எங்க ஓடிடப் போவுது? நெலமே ஓடல.”

சொல்லிக்கொண்டே அவள் போய்ப் பீரோ கைப்பிடியை முழுக் கையாலும் பற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. கதவைத் தட்டினாள், சாவியைத் திருப்பினாள், எல்லாம் செய்தாள். அது பெட்டிப் பாம்பாய் அடங்கிக் கிடந்தது. புண்ணியவதி கையில் பாயாது என்று ரெங்கசாமி மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பிரகதாம்பாள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜெகபர் அலிக்குப் போன் போட்டாள்.

ஜெகபர் அலி கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டுகிறவர். வீட்டு வயரிங்கும் பார்ப்பார். டெஸ்டரை வைத்து சுவிட்சு போர்டு, ஏசி, பீரோ என்று ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்தார். டெஸ்டர் கண்ணையே திறக்கவில்லை. அப்புறம் ரெங்கசாமியைக் கூப்பிட்டு, எங்கே, நீங்க தொடுங்க மாமா என்றார். கட்டிலிலிருந்து பீரோ வரைக்கும் ரெங்கசாமிக்குக் கால் எழவில்லை. கம்பளத்தின் மேல் தேய்த்துத் தேய்த்து, பலியாடு போலப் போய்ச் சேர்ந்தார். விரலை நீட்டினார். ‘டிக்.’

ஜெகபர் அலியே ஓரடி பின்னால் போய்விட்டார்.

“மாமா, பீரோவுல ஒண்ணும் இல்ல. உங்ககிட்டேருந்துதான் வருது.”

“என்னப்பா சொல்ற?”

“உங்களுக்கு எர்த் இல்ல மாமா.”

“அரை வேலி நெலம் வச்சிருக்காரு,” என்றாள் பிரகதாம்பாள். “இவருக்கா எர்த் இல்ல?”

ஜெகபர் அலி விழுந்து விழுந்து சிரித்தார். ரெங்கசாமி சிரிக்கவில்லை. இந்தத் தடவை அவர் பொட்டலத்துக்காகப் போகவில்லை. ஆனாலும் பீரோவைப் பார்த்ததும் மனசில் பொட்டலம்தான் இருந்தது. அய்யனார் கையோடு நிறுத்தாமல் மனசையும் சேர்த்துப் பார்க்கிறார் என்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஏசி இருபதில் இருந்தது.

எதற்கும் கொஞ்ச நாளைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு தொடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெகபர் அலி கிளம்பினார். அன்று சாயங்காலம் பிரகதாம்பாள் கொல்லைப்புறத்தில் நின்று பிரபுவிடம் வெகு நேரம் போனில் பேசினாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன விசேஷம் என்று ரெங்கசாமி கேட்டதற்கு, தோஹாவில் ரொம்ப வெயிலாம் என்றாள்.

அன்றிலிருந்து தோளில் கிடந்த துண்டு ரெங்கசாமியின் கைக்கு வந்துவிட்டது. பீரோவில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து என்று பொட்டலத்தை மூன்றாகப் பிரித்தார். ஒன்று பீரோவிலேயே இருந்தது. ஒன்று பின்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளை அண்டாவுக்குள் போனது. இன்னொன்று வயலில் மோட்டார் கொட்டகையில் இருக்கிற இரும்பு ஸ்பானர் பெட்டிக்குள் போனது. எதைத் தொடுவதானாலும் முதலில் நாலு பக்கமும் பார்ப்பார். வாய்க்குள் அய்யனாரிடம் மன்னிப்புக் கேட்பார். பிறகு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு தொடுவார். பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம், நடுவில் துண்டு.

“ஏங்க, அண்டாவுல ஏதுங்க கரண்ட்டு?” என்றாள் ஒரு நாள் பிரகதாம்பாள்.

“பித்தளைதானே. பாயும்.”

உளுந்து பிடுங்குகிற பெண்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த அன்றைக்குக் கொட்டகை வாசலில் நின்று இன்னொரு கேள்வி கேட்டாள். “ஸ்பானர் பெட்டிக்குமா துண்டு சுத்துவீங்க?”

“மோட்டார் பக்கத்துல இருக்குல்ல. சகவாச தோஷம்.”

அந்தப் பதில் ரெங்கசாமிக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நல்லவேளை, வெள்ளந்தி என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியே ஓட்டியிருப்பார். காபி டம்ளர்தான் கெடுத்தது.

ஒரு மத்தியானம் பொட்டலத்தைத் தொட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, கட்டிலில் போய்ப் படுத்துத் தூங்குகிற மாதிரி கிடந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, பழக்க தோஷத்தில் கம்பளத்தின் மேல் செருப்பைத் தேய்த்துக்கொண்டே அறை வாசலுக்கு வந்தார். பிரகதாம்பாள் எவர்சில்வர் டம்ளரில் காபியை நீட்டினாள். அவர் விரல் டம்ளரைத் தொடப் போனது. ‘டிக்.’ அவள் “ஸ்ஸ்” என்று கையை இழுத்துக்கொண்டாள். காபி அவள் மணிக்கட்டில் சிந்தியது.  விரலை வாயில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

 தன் கைக்கு வருகிற நெருப்பை ரெங்கசாமி எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தார். தப்பு செய்த கை, சுடட்டும். ஆனால் பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு அழுதவள் இவள். ரிசல்ட் வருகிறவரை ராத்திரியெல்லாம் இவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தவள். தன் பாவம் தாண்டி அவள் விரலுக்குப் போய்விட்டது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பிரகதா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

அவள் தரையில் சிந்திய காபியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பீரோவைச் சொன்னார். அண்டாவைச் சொன்னார். அவள் ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஸ்பானர் பெட்டி நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மனுஷனுக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா?

மறுநாள் காலையில் மறுபடி அய்யனார் கோயில், மறுபடி சூடம். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ரெங்கசாமி சூடத்தை அடித்து அணைத்தார். “இனிமே என் வீட்டுல பொகையிலையத் தொடமாட்டேன்,” என்றார். ‘வீட்டுல’ என்பதை மட்டும் கொஞ்சம் சன்னமாகச் சொன்னார். கொட்டகை வீடாகாது. அய்யனாருக்கே பாயிண்டு எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு நெருப்பு வரவில்லை. ஒளித்து வைக்க வீட்டில் எதுவும் இல்லாததால், அவர் காலைத் தேய்த்து நடக்கவும் இல்லை. ‘படக், படக்’ என்று கம்பளத்தை மிதித்துக்கொண்டு நேராகப் போய்ப் பீரோவைத் தொடுவார். அது குளிர்ந்து கிடக்கும். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று உருகிப்போனார். கொட்டகைப் பக்கம் போனாலும் ஸ்பானர் பெட்டியைத் தொடவில்லை. தொட நினைத்தால் பிரகதாம்பாள் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது. சித்திரை போயிற்று. வைகாசியும் பாதி போயிற்று.

தஞ்சாவூர் டாக்டர் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். படை நன்றாக மங்கியிருக்கிறது, இதே மாதிரி போனால் பயமில்லை என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தை எப்படி விட்டீர்கள் என்று அவரே ஆச்சரியப்பட்டார். எல்லாம் அய்யனார் என்று ரெங்கசாமி கும்பிட்டார். பிரகதாம்பாள் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பிரபு வீடியோ காலில் வந்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான். பேச்சுவாக்கில் கேட்டான்.

“இப்பவும் பீரோ அடிக்குதாப்பா?”

“அதெல்லாம் சாமி குத்தம்டா. சரியாப்போச்சு.”

“சாமியா? அது கம்பளம்ப்பா. எங்க ஆபீஸ்ல பனிக்காலத்துல எல்லாருக்குந்தான் அடிக்கும். ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டுக் கம்பளத்துல தேய்ச்சு நடந்தா உடம்புல சார்ஜ் ஏறும். ஏசி ரூமுல காத்து காஞ்சு கெடக்குறதால அது எறங்காது. இரும்பத் தொட்டதும் விரல் வழியா ஒரே தாவுல எறங்கிடும். காலத் தூக்கி நடந்தா ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேனே, அப்பாவ செருப்பக் கழட்டிட்டு நடக்கச் சொல்லுன்னு. சொல்லலியா?”

ரெங்கசாமி போனை வைத்துவிட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தார். பிரகதாம்பாள் அமைதியே உருவாக வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால், ஏன் காலைத் தேய்த்து நடந்தீர்கள் என்று அவள் கேட்பாள்.  திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

ராத்திரி முழுக்கக் கோபமும் சந்தோஷமும் மாறி மாறி வந்தன. செருப்புக்கும் கம்பளத்துக்கும் பயந்தா கண்ணீர் விட்டோம்? சம்பந்தமே இல்லாத அய்யனாரிடமா மன்னிப்புக் கேட்டோம்? விடிகிறபோது ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்திருந்தார். யாரும் அவரை ஏமாற்ற முடியாது. கொட்டகை வீடும் இல்லை.

காலையில் நாற்றங்காலுக்கு மோட்டார் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். செருப்பை வாசலிலேயே விட்டார். துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார். வெறுங்காலோடு ஈர வரப்பில் நடக்கும்போது நாக்கு தானாகப் போய்க் கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தது. மழுங்கலாக, வழவழப்பாக இருந்தது. ஒரு நிமிஷம் நின்றார். வேண்டாமே என்று ஒரு குரல் சொன்னது. ஒரு சிட்டிகைதானே என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டாவது குரல்தான் அவருக்குப் பழகிய குரல்.

கொட்டகைக்குள் போய் ஸ்பானர் பெட்டியின் முன்னால் குந்தினார்.  பிரபு என்ன சொன்னாலும் விரலுக்கு அதன் பயம். கண்ணை இறுக்கிக்கொண்டு இரும்பைத் தொட்டார். ஒன்றுமில்லை. மறுபடி தொட்டார். நன்றாகத் தேய்த்துப் பார்த்தார். நெருப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தார். மூடியைத் தூக்கி, ஸ்பானர்களை ஒதுக்கி, அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். அவர் சுற்றி வைத்த அதே பிளாஸ்டிக் பை. அதே ரப்பர் பேண்டு.

பிரித்தார். ‘ஸ்பானர் பெட்டிக்குமா துண்டு சுத்துவீங்க?’ என்று அவள் கேட்டது அப்போதுதான் அவருக்குச் சரியாகக் காதில் விழுந்தது. எதையெல்லாம் துண்டு சுற்றித் தொட்டாரோ, அதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள்.

பைக்குள் புகையிலை இல்லை. ஒரு தீப்பெட்டியும் ஒரு கட்டிச் சூடமும் இருந்தன. எப்போது வருவார் என்று தெரியாததால், அதுவரைக்கும் சூடம் கரைந்துவிடாமல் இருக்க நாலு மிளகும் போட்டு வைத்திருந்தாள்.